டாக்டர் பந்து

மார்ச் 9

அண்ணனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும். டிவியில் பார்த்தேன், ஜெயித்ததும் நன்றாகத்தான் குதித்தாய். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் பேசலாமே என்பாய். போனில் உனக்குச் சங்கடமான இடம் வரும்போதெல்லாம் லைன் கெட்டுப்போகும். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. அதோடு போனில் நான் கத்துவேன். பக்கத்து அறையில் சுண்டு படுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை வாலிபால் ஆட்டத்தை ஆஸ்பத்திரி லாண்டரியில் வைத்துப் பார்த்தேன். இஸ்திரி மேஜையை ஓரமாகத் தள்ளி, சூப்பர்வைசர் அறையிலிருந்த டிவியைக் கொண்டுவந்து வைத்தோம். என் மகள் ஒரு பக்கம் ஆடுகிறாள், எதிர்ப்பக்கத்து வெளிநாட்டு அணிக்குக் கோச் என் அண்ணன், யார் ஜெயித்தாலும் எனக்கு லாபம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். கடைசி செட்டில் உன் அணிப் பெண் ஒருத்தி சர்வீஸ் போட வந்தாள். பந்து சுண்டுவின் இடது தோளுக்குப் பின்னால், கோர்ட்டின் கடைக்கோடியில் போய் விழுந்தது. சுண்டு தோளை ஒதுக்கி அதை விட்டுவிட்டாள். உள்ளே விழுந்திருக்கிறது. அடுத்ததும் அங்கேயே. மூன்றாவது பந்துக்கு என் கையிலிருந்த தலையணை உறை நழுவிக் கீழே விழுந்தது.

டாக்டர் பந்து. உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் அது? நீ வேலையில்லாமல் எங்கள் முன்னறையில் கிடந்த காலத்தில் சந்தில் வைத்து அவளுக்குப் பந்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தாய். சந்தின் இடது பக்கம் பல் டாக்டரின் கார் ஷெட். அந்தப் பக்கம் வருகிற பந்தைத் தொட்டால் தகரக் கூரைக்குத் தெறிக்கும், அங்கே விழுந்தால் மனுஷன் திருப்பித் தரமாட்டார். "இடது தோளுக்குப் பின்னால போனா தொடாதே சுண்டு, அது டாக்டர் பந்து" என்று நீதான் சட்டம் போட்டாய். எட்டு வயதில் உடம்பில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. அந்தப் பக்கம் பந்து வந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே தோள் ஒதுங்கிவிடுகிறது. பெரும்பாலும் அப்படி வரும் பந்து வெளியேதான் போகும். அதனால் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று இவளுக்குத்தான் தெரிகிறது என்று இதுவரை எல்லாக் கோச்சும் மெச்சினார்கள். அது சாமர்த்தியம் இல்லை, கார் ஷெட் என்பது நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை எடுத்துக்கொண்டு போய் எதிர் அணிக்குக் கொடுத்திருக்கிறாய்.

திங்கட்கிழமை அவளைத் தேசிய அணி கேம்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேர்வு ஆகஸ்டில். அதிலும் எடுக்கவில்லை என்றால் அவ்வளவுதான். குள்ளமான பெண்ணுக்கு இந்த விளையாட்டில், பின்னால் நின்று பந்து தரையில் விழாமல் எடுக்கிற லிபரோவை விட்டால் வேறு இடம் இல்லை என்று சொன்னவனும் நீதான். "ஸ்மாஷ் அடிக்கிறத நெட்டைங்க பாத்துக்கட்டும், நீ தரையக் காப்பாத்து" என்றாய். காப்பாற்றினாள். பலனை அனுபவிக்கிறாள்.

அவளுக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை. கண் மங்கிவிட்டதோ என்று பயப்படுகிறாள். நான் சொல்லவில்லை. தாய்மாமன் நீ இருக்கிறாய், நீயே எழுதிச் சொல். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இங்கே வளர்த்தவனே கடாவின் மார்பில் பாய்ந்திருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கை


மார்ச் 31

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலமும் மச்சான் நலமும் சுண்டுவின் நலமும் அறிய ஆசை. மச்சான் இன்னமும் லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறாரா? கவனமாக இருக்கச் சொல்.

உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் என்பது மறுபடி தெரிந்தது. இங்கே குளிர் விடவில்லை. ஸ்டேடியத்தில் ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது, பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகவே ஓடுகிறார்கள். என் மொழிபெயர்ப்பாளன் இருக்கிறானே, நான் ஐந்து நிமிஷம் திட்டினால் அவன் மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறான். அந்த மூன்று வார்த்தைக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சுண்டுவுக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பியிருக்கிறேன். இங்கே தேசிய அணி போடுகிற ஷூ. அடி வழுக்காது.

ஆட்டம் ஆட்டம்தான் அம்மா. மற்றதை நேரில் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணனுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. மச்சான் தலை லிஃப்டில் பத்திரமாக இருக்கிறது. நீ செய்த வேலையைக் கேட்டு அவரே "விடு" என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் "விடு" என்கிற மனிதர் அவர்.

ஷூவைத் திருப்பி அனுப்புகிறேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டாதே. அளவும் பெரிது. அவள் கால் அளவு உனக்கு மறந்துவிட்டது, தோள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார். இவள் நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனாள். அவரும் அதையே சொன்னார். வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "கண்ணு நல்லாருக்காம்மா. அப்ப புத்திதான் போயிடுச்சு போல" என்றாள். நான் சாம்பார்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாயால் உன் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாய்.

மே முதல் வாரம் வரை பார்ப்பேன். அதற்குள் அவளுக்கு நீ எழுதவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன்.

தங்கை


மே 4

தங்கைக்கு,

நான் நன்றாக இல்லை, கேட்டதால் சொல்கிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கோச் என்றால் உனக்கெல்லாம் விமானமும் கோட்டும்தான் கண்ணில் படுகிறது. இது எனக்கு நான்காவது நாடு. முதல் நாட்டில் கூரை ஒழுகிய ஸ்டேடியத்தில் வாளி வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தேன். இரண்டாவதில் என்னைவிட இரண்டு முழம் உயரமான பெண்கள், நான் பேசினால் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவதில் என்னை நீக்கியதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் போனேன், என் சாவி பூட்டில் திரும்பவில்லை. ஜெயித்தால் பெண்கள் ஜெயித்தார்கள், தோற்றால் வெளிநாட்டுக்காரன் தோற்றான். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் சங்கத்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல், நாளைக்குத் தோற்றால் பெட்டியைக் கட்டு என்றார். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்தோம். ஐம்பத்திரண்டு வயதில் நான் எங்கே போவேன்? மறுபடி உன் முன்னறைக்கா?

எதிரே நிற்பவள் என் தங்கை மகள் என்று பார்த்தால் நான் கோச் இல்லை. அந்த வலைக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் எனக்கு ஒன்றுதான். "இடது மூலை, ஆழமாப் போடு" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு பந்து விழுந்தது சரி, இரண்டு விழுந்தது சரி. ஐந்து பந்து விழும்வரை விட்டுக்கொண்டிருந்தது யார்? நாட்டுக்காக ஆடுகிற பெண்ணுக்கு அது தெரிய வேண்டாமா?

உன் மகளுக்கு என்ன சொல்ல வேண்டுமோ நீயே சொல்லிக்கொள்.

அண்ணன்


மே 16

அண்ணனுக்கு,

உன் உடம்பைக் கவனித்துக்கொள். இதைப் படித்து முடிக்கத் தெம்பு வேண்டும்.

முன்னறையைப் பற்றி எழுதியிருந்தாய். மூன்று வருஷம் அங்கே இருந்தாய். என்றைக்காவது ஒரு நாள் உனக்குத் தட்டு வைக்க நாங்கள் யோசித்திருப்போமா? அதைப் போய் ஏதோ நரகம் மாதிரி எழுதுகிறாய். அந்த முன்னறைக்குத் திரும்பக் கூடாது என்பதற்காக, அந்த வீட்டுப் பெண்ணை அடித்துப்போட்டிருக்கிறாய். இதில் அவளுக்குத் தெரிய வேண்டாமா என்று கேள்வி வேறு. பாம்பு என்று சொல்லி வளர்த்தவன் நீ, கயிறு என்று ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பவனும் நீ.

அவளிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சந்துக்குப் போய் அந்தக் கார் ஷெட் சுவரில் இடது தோளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, "உனக்கு சர்வீஸ் போட வருமாம்மா?" என்று கேட்டாள். நான் பள்ளிக்கூட அணியில் ஆடியது அவளுக்குத் தெரியாது. உனக்கும் மறந்திருக்கும்.

அடுத்த நாள் பல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினைந்து வருஷமாகப் பிடித்துவைத்த பந்துகளையெல்லாம் கொடுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷெட்டைத் திறந்தார். ஒரு சாக்கு நிறையப் பந்து, ஒன்றிலும் காற்று இல்லை. மச்சான் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டி, தேறினதற்கெல்லாம் காற்றடித்துக் கொடுத்தார்.

சந்தில் ஆடினால் அந்தச் சுவரை அவள் தோள் மறக்காது. அதனால் லாண்டரிக்குப் பின்னால் துணி காயப்போடும் மைதானத்தில் ஆடுகிறோம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் கொடியில் தொங்குகின்றன, அதுதான் நெட். நான் விரிப்புக்கு இந்தப் பக்கம் நின்று போடுகிறேன். தலைக்கு மேலே வந்த பிறகுதான் அவள் கண்ணில் பந்து படும். எல்லாப் பந்தும் டாக்டர் பந்து. முதல் நாள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. தோள் அதுபாட்டுக்கு ஒதுங்குகிறது. தோளில் தானே அறைந்துகொள்கிறாள். நான் விரிப்பு மறைவில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டே அடுத்த பந்தைப் போடுகிறேன். கோபத்தில் போட்டால் நன்றாக விழுகிறது.

தங்கை


ஜூன் 20

மாமாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். கண் நன்றாக இருக்கிறதாம்.

ஏன் அந்தப் பந்தைப் போடச் சொன்னீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஜெயிக்கத்தான் போடச் சொன்னீர்கள். நானாக இருந்தாலும் ஒருவேளை சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு அதில்தான் கோபம். எனக்கு வேறு கோபம்.

என் ஆட்டம் எல்லாவற்றையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் போன் செய்து முழங்காலை இன்னும் மடக்கு, கையைப் பூட்டு என்று சொல்வீர்கள். தோளைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவையாக ஞாபகம் வந்ததா? இல்லை, முன்பே தெரிந்து, என்றைக்காவது உதவும் என்று வைத்திருந்தீர்களா? தெரிந்திருந்தால் ஏன் திருத்தவில்லை? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

ஆகஸ்டில் தேர்வு. எடுத்துவிட்டார்கள் என்றால் நவம்பர் போட்டியில் உங்கள் அணிக்கு எதிராக ஆடுவேன். அதே பந்தைப் போடச் சொல்லுங்கள். ஐந்து போதாது, இன்னும் நிறைய.

சுண்டு


ஆகஸ்ட் 29

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று உங்கள் அணி ஜெயித்த செய்தியில் தெரிந்துகொண்டேன்.

சுண்டுவை எடுத்துவிட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், அதனால் நான் சொல்கிறேன். தேர்வில் அவர்கள் கோச் வேண்டுமென்றே அந்த மூலைக்கே போடச் சொன்னாராம். ஊரெல்லாம் தெரிந்துபோன ஓட்டைதானே இப்போது. வந்ததை எல்லாம் எடுத்திருக்கிறாள். ஒன்று மட்டும் போனதாம். அந்த ஒன்றைப் பற்றி இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். என்னடி என்று கேட்டால் கரண்ட் பில் என்கிறாள். கரண்ட் பில் இவள் என்றைக்குக் கட்டியிருக்கிறாள்? ஒரு கேள்வி கேட்டிருந்தாளே, அதற்குப் பதில் எழுத உனக்குப் பேனா கிடைக்கவில்லையா, மொழிபெயர்ப்பாளன் கிடைக்கவில்லையா?

தங்கை


செப்டம்பர் 22

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இங்கே நான் ஒருவன்தான், அதனால் நலம்.

செய்தி கேட்டு மிகவும் சந்தோஷம். எனக்குத் தெரியும், எடுப்பார்கள் என்று. உன் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். இந்த வயதில் இத்தனை சர்வீஸ் கூடாது.

சுண்டு கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், சரியாக வரவில்லை. எழுதாமல் இல்லை.

நவம்பரைப் பற்றி அவளுக்கு ஒரு பயமும் வேண்டாம் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 24

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஊரே சுண்டுவைத் தூக்கிவைத்துக்கொண்டாடுகிறது. மார்ச்சில் தூங்கிய லிபரோ நவம்பரில் விழித்துக்கொண்டாள் என்று பேப்பரில் படம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பேப்பரை அவள் மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஒரு டாக்டர் பந்துகூட வரவில்லை. ஆட்டம் முழுக்க, ஒன்றுகூட. உன் பெண்கள் ஒவ்வொருத்தியும் சர்வீஸ் போடும் முன் உன் பக்கம் பார்த்தார்கள். நீ தலையை ஆட்டினாய், வேண்டாம் என்று. டிவியில் எனக்கே தெரிந்தது. எதிரே நின்றவளுக்குத் தெரியாதா? பயம் வேண்டாம் என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மரமண்டை.

மே மாதத்திலிருந்து அவள் தோளில் நீலம் மாறவில்லை. என் தோளை ராத்திரி திருப்பிப் படுக்க முடியாது. விரிப்பில் மண் பட்டதற்கு சூப்பர்வைசரிடம் எத்தனை தடவை வசவு வாங்கியிருப்பேன். எல்லாம் எதற்கு? அந்தப் பந்தை உன் எதிரில் எடுப்பதற்கு. ஆட்டம் முடிந்து போன் செய்தவள் ஒன்றுதான் சொன்னாள். "என்கிட்ட இருந்து ஒரு தடவ ஆட்டத்தப் பிடுங்கினார். இப்ப பிச்சையாப் போட்டிருக்கார்."

மார்ச்சில் நீ அவளை எதிரியாகவாவது மதித்தாய். இப்போது எட்டு வயதுக் குழந்தையாக்கிவிட்டாய். எதிரே யார் நின்றாலும் எனக்கு ஒன்று என்று மே மாதம் எவ்வளவு வீராப்பாக எழுதினாய். அந்த வீராப்பாவது மிஞ்சியிருக்கக் கூடாதா? குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறது.

இனி எனக்கு எழுதாதே.


டிசம்பர் 9

தங்கைக்கு,

எழுதாதே என்றாய். விலாசம் மாறியதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய விலாசத்துக்கு எழுதினால் இனி எனக்குக் கிடைக்காது.

தற்போதைக்கு ஸ்டேஷன் பக்கம் ஒரு அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பஸ்கள் திரும்புகிற இடம். விசில், ஆட்டம் வரைந்து காட்டுகிற ஒரு பலகை, இரண்டு பெட்டி, அவ்வளவுதான் சாமான். மொழிபெயர்ப்பாளன் வந்து தூக்கிக்கொடுத்தான். அன்றைக்குத்தான் அவன் நான் சொன்னதை முழுசாகக் கேட்டான், மொழிபெயர்க்க யாரும் இல்லை.

சுண்டுவின் கேள்விக்குப் பதில்: முன்பே தெரியும். எப்போதும் தெரியும். முதலில் அவள் விடும்போது சிரிப்பாக வந்தது, நம் வீட்டுச் சந்து உலகக் கோர்ட்டில் தெரிகிறதே என்று. அப்புறம் அது அப்படியே இருந்துவிட்டது. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

முன்னறை காலியாக இருக்கிறதா?

அண்ணன்


டிசம்பர் 20

அண்ணனுக்கு,

குளிரில் அந்த அறையில் என்ன சாப்பிடுகிறாய் என்று மச்சான் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

உன்னை நீக்கிய செய்தியை இங்கே பேப்பரில் ஓரமாகப் போட்டிருந்தார்கள். நீ சொல்லவில்லை, விலாசம் மாறியது என்கிறாய். வேலையைக் கொடுத்து அவளுக்கு ஒரு வெற்றி வாங்கித் தந்தாயா? யார் கேட்டது? மார்ச்சில் வேலைக்காக அவளை விற்றாய், நவம்பரில் அவளுக்காக வேலையை விற்றாய். இரண்டு தடவையும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கோபம் தீரவில்லை, தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே.

முன்னறை காலி. மூன்று வருஷம் போட்டுப் படுத்த அதே கட்டில்தான்.

உன் கடிதத்தை சுண்டு படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு, "எப்ப வர்றாராம்?" என்றாள். டாக்டர் கொடுத்த சாக்கை எடுத்துக்கொண்டுபோய் எல்லாப் பந்துக்கும் காற்று பார்த்தாள்.

அதனால் வா. ஆனால் நேரே வீட்டுக்கு வராதே. பெட்டியோடு லாண்டரிக்குப் பின்னால் வா. அவள் அங்கே நிற்பாள். கொடியில் விரிப்பு எதுவும் போடாமல் வைத்திருப்பேன், உன் முகம் அவளுக்குத் தெரிய வேண்டும், அவள் முகம் உனக்குத் தெரிய வேண்டும். அவள் போதும் என்று சொல்லும்வரை நீ சர்வீஸ் போட வேண்டும். எல்லாம் டாக்டர் பந்து. உனக்குத் தோள் வலித்தால் எனக்கென்ன. அதன் பிறகுதான் சாப்பாடு.

ஒன்றைக்கூட மெதுவாகப் போட்டுவிடாதே. அவளுக்குத் தெரிந்துவிடும், உன் கையைப் பார்த்துத்தான் அவள் ஆடவே கற்றுக்கொண்டாள்.

உன் தங்கை